காலண்டர் அக்கா சொன்ன வருஷம்

எங்கள் ஸ்டூடியோவில் காலண்டர் அக்காவுக்குப் பயப்படாத ஓவியன் கிடையாது. நான் பதினெட்டு வருஷம் பயந்தேன். பயந்தேன் என்பதைவிட எரிச்சல்பட்டேன் என்பதுதான் சரி. அனிமேஷன் படங்களுக்குப் பின்னணி வரைவது என் வேலை. வீடு, தெரு, சமையலறை, படிக்கட்டு என்று கதாபாத்திரங்கள் வந்து நிற்க ஓர் இடம் வேண்டுமே, அந்த இடம் என்னுடையது. மூன்று நாள் முதுகு ஒடிய வரைந்து அனுப்பினால் நாலாம் நாள் காலையில் அது என் மேஜைக்கே திரும்பி வந்திருக்கும். மேலே ஒரு மஞ்சள் சீட்டு. "பிளாஸ்டிக் வாளி கூடாது. இந்த வருஷத்தில் தகர வாளிதான்." கையெழுத்து முத்துமுத்தாக இருக்கும். அது வேறு வயிற்றெரிச்சல்.

ஒரு படத்தின் கதை எந்த வருஷத்தில் நடக்கிறதோ, அந்த வருஷத்தில் இருந்திருக்க முடியாத எதுவும் திரையில் வந்துவிடாமல் பார்த்துக்கொள்வது அவர் வேலை. சுவிட்ச், செருப்பு, பால் புட்டி, சட்டைக் காலர் என்று ஒன்று விடாமல் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்ப்பார். அதனால்தான் அந்தப் பெயர். முதலில் முதுகுக்குப் பின்னால் மட்டும் சொல்லிக்கொண்டிருந்தோம். பிறகு வாய் தவறி முகத்துக்கு நேராகவே வந்துவிட்டது. அவர் கோபப்படவில்லை. "நல்ல பேருதானே," என்று சொல்லிவிட்டுச் சீட்டை எடுத்து நீட்டினார்.

அந்த வாளி விஷயத்தில் நான் சண்டைக்கே போனேன். படம் பார்க்க வருகிறவன் கதாநாயகனைப் பார்ப்பானா, அவன் முதுகுக்குப் பின்னால் இருக்கிற வாளியைப் பார்ப்பானா?

"ஒருத்தன் பார்ப்பான்," என்றார்.

"யாருக்கா அது?"

"அந்த மாதிரி வாளியில தண்ணி தூக்கினவன்."

இப்படிப் பேசுகிறவரோடு யார் உட்கார்ந்து சாப்பிடுவார்கள்? குற்றம் பார்க்கின் சுற்றம் இல்லை என்று சும்மாவா சொன்னார்கள். சாப்பாட்டு மேஜையில் அவருக்குப் பக்கத்து நாற்காலி பெரும்பாலும் காலியாகவே இருக்கும். வேறு இடம் இல்லாதபோது நான் உட்காருவேன். அப்படித்தான் அவரைப் பற்றிக் கொஞ்சம் தெரியவந்தது.

இருபது வயதில் வேலைக்கு வந்தவர். அப்போதெல்லாம் கம்ப்யூட்டர் இல்லை. ஓவியர்கள் பென்சிலில் போட்ட கோட்டின் மேல் கண்ணாடி போன்ற தாளை வைத்து, மைப்பேனாவால் நகல் எடுப்பார்கள். அதற்கென்று பதினொரு பெண்கள் இருந்தார்கள். ஒரு நாளைக்கு நாற்பது தாள். அடுத்தவர் கோட்டின் மேலேயே கை போய்க்கொண்டிருக்கும். சொந்தமாக ஒரு கோடு போட அனுமதி இல்லை. கம்ப்யூட்டர் வந்ததும் ஒரே நாளில் பத்துப் பேரை வீட்டுக்கு அனுப்பினார்கள். இவர் மட்டும் தப்பித்ததற்குக் காரணம், அந்த வாரம்தான் முதலாளியின் அறைக் கதவைத் தட்டி, போன காட்சியில் இடது கையில் கடிகாரம் கட்டியிருந்த கதாநாயகன் இந்தக் காட்சியில் வலது கையில் கட்டியிருக்கிறான் என்று சொல்லியிருந்ததுதான். பெரிய முதலாளி கெட்டிக்காரர். இந்தக் கண்ணை விட்டுவிடக் கூடாது என்று அவருக்குத் தெரிந்திருந்தது.

கல்யாணம் செய்துகொள்ளவில்லை. தங்கை வீட்டில் ஓர் அறை. தங்கையும் அவள் கணவரும் வேலைக்குப் போய்விடுவார்கள், பிள்ளைகள் கல்லூரிக்கு. இரண்டு வருஷத்துக்கு முன் கணுக்கால் எலும்பில் விரிசல் விட்டு, ஆறு வாரம் வீட்டில் இருக்கச் சொன்னார் டாக்டர். மூன்றாம் வாரமே கட்டோடு நொண்டிக்கொண்டு வந்து நின்றார்.

"தங்கச்சி தங்கமானவதான்," என்றார் அன்று, சாப்பாட்டு டப்பாவைத் திறந்துகொண்டே. "அவ புருஷனும் ஒரு வார்த்தை சொன்னதில்ல. ஆனா பகல்ல அந்த வீட்ல நான் யாரு? சுவரு என்னைப் பாக்குது, நான் சுவரைப் பாக்கறேன். என்னால முடியல."

ஓய்வு பெற இன்னும் ஒன்றரை வருஷம் இருந்தது. அந்த நேரத்தில்தான் அந்தப் படம் வந்தது.

ஏழு வயதுச் சிறுமி ஒருத்தி தன் குடியிருப்பின் வாசலில் ஒரு சாவியைக் கண்டெடுக்கிறாள். அது எந்தக் கதவுடையது என்று ஐந்து மாடிக்கும் ஏறி, ஒவ்வொரு வீடாகப் பார்க்கிறாள். ஒரே நாளில் நடக்கிற கதை. ஐந்து மாடிக்கும் ஐந்து ஓவியர்கள். மாடிக்கு ஒருவர். இரண்டாம் மாடி எனக்கு. இயக்குநர் இளைஞர், வெயிலோ நிழலோ தலையில் தொப்பி இருக்கும். எங்களை உட்காரவைத்து, "அந்தப் பொண்ணு கண்ணால பாருங்க. ஏழு வயசுல ஒரு வீடு எப்படித் தெரியுமோ, அப்படி வரைங்க," என்றார்.

"எந்த வருஷம்?" இது காலண்டர் அக்கா, கடைசி வரிசையிலிருந்து.

"வருஷமெல்லாம் இல்லக்கா. எப்பவோ."

"எப்பவோன்னா?"

"எப்பவோன்னா எப்பவோதான்."

எனக்கு உள்ளுக்குள் ஒரே குஷி. வருஷம் இல்லையென்றால் மஞ்சள் சீட்டும் இல்லை. பதினெட்டு வருஷத்தில் முதல்முறையாகக் கை போன போக்கில் வரைந்தேன். மற்றவர்களும் அப்படித்தான். ஆறு வாரத்தில் ஐந்து மாடியும் தயார்.

அதற்குள் நிர்வாகம் கைமாறியிருந்தது. பெரிய முதலாளி ஓய்வெடுக்கப் போய், அவருடைய மருமகன் வந்து உட்கார்ந்தார். ஸ்டூடியோ முழுக்க அவருக்கு மாப்பிள்ளை என்றே பெயர். கெட்டவர் இல்லை. எந்த நாற்காலியைப் பார்த்தாலும் இது எதற்கு என்று கேட்கிற ஆள், அவ்வளவுதான். படத்தை வாங்குகிறவர்கள் ஒரு படிவம் அனுப்பியிருந்தார்கள். அதில் "கதை நடக்கும் காலம்" என்று ஒரு கட்டம். காலிக் கட்டம் என்றால் மாப்பிள்ளைக்குத் தூக்கம் வராது. காலண்டர் அக்காவைக் கூப்பிட்டார். நான் வண்ண மாதிரியில் கையெழுத்து வாங்க அங்கே நின்றுகொண்டிருந்தேன்.

"ரெண்டு வாரம் டைம். ஐந்து மாடியையும் பார்த்து, இது இன்ன வருஷத்துக் கதைன்னு சொல்லுங்க. அதுக்கு ஒத்து வராததையெல்லாம் மாத்துவோம். அப்புறம் படம் முழுக்க ஒவ்வொரு காட்சியா நீங்க சரிபாக்கறதே ஒன்றரை வருஷம் ஓடும், நீங்க ரிட்டயர் ஆகுற வரைக்கும் உங்க நாற்காலியை யாரும் தொட மாட்டாங்க. இல்ல, காலமே இல்லாத படம்னு ஆச்சுன்னா..." கையை விரித்தார். "காலம் பாக்கற ஆளும் வேண்டாமே. தப்பா எடுத்துக்காதீங்க."

"தப்பா ஒண்ணும் இல்ல. நியாயம்தான்," என்றார் அக்கா. வெளியே வந்ததும் தண்ணீர்க் குழாயடியில் நின்று இரண்டு டம்ளர் குடித்தார். நான் பார்க்காதது போல் நடந்தேன்.

கிணறு வெட்டப் பூதம் கிளம்பிய கதையாயிற்று. ஒரு வாரம் கழித்து அவர் மேஜையைச் சுற்றிலும் தாள்கள். முதல் மாடியில் துணி மூடிய பெரிய வானொலி, வட்டக் கறுப்புச் சுவிட்ச், கரி போடுகிற இஸ்திரிப் பெட்டி. என் இரண்டாம் மாடியில் மண்ணெண்ணெய் அடுப்பு, மாதத்துக்கு ஒன்றாகக் கிழிக்கும் தேதித்தாள், எவர்சில்வர் டம்ளர். மூன்றில் கதவு வைத்த டிவி. நான்கில் டேப் ரெக்கார்டர். ஐந்தில், எங்கள் கூட்டத்திலேயே சின்னவளான குட்டி வரைந்த வீட்டில், துணி போர்த்திய கம்ப்யூட்டர், காக்காயை விரட்ட ஜன்னலில் தொங்கும் பழைய சிடி. ஒரே கட்டடத்தில், ஒரே நாளில், ஒரு குழந்தை ஐந்து மாடி ஏறுவதற்குள் முப்பத்து மூன்று வருஷம் ஓடியிருக்கிறது. யாரும் கவனிக்கவில்லை. அவரவர் மாடியை அவரவர் வரைந்தோமே தவிர அடுத்த மாடியை எட்டிப் பார்த்தவர் யார்?

"எல்லார் தலையும் உருளப் போகுது," என்றார் முதல் மாடி வரைந்த தாடிக்காரர்.

அன்று மதியம் காலண்டர் அக்கா ஒவ்வொருவரிடமாக வந்து, பிறந்த வருஷம் என்ன என்று கேட்டார். ஓய்வு வயதைத் தாண்டியும் வந்துகொண்டிருந்த தாடிக்காரர், தன்னைத்தான் முதலில் வீட்டுக்கு அனுப்பப் போகிறார்கள் என்று வெலவெலத்துப் போனார். குட்டி தனக்கு வரன் பார்க்கிறாரோ என்று சிரித்தாள். அக்கா வருஷத்தை மட்டும் குறித்துக்கொண்டு நகர்ந்தார். மாலை நாலு மணிக்கு டீ மிஷின் பக்கத்தில் என்னைப் பிடித்தார். கையில் என் சமையலறை.

"உங்க மாடி எண்பத்து மூணு," என்றார்.

"எப்படிக்கா? நான் வருஷமே நினைக்கலையே."

"சுவத்துல தேதித்தாள் போட்டிருக்கீங்க. மாசத்துப் பேர் இல்ல. ஆனா இருபத்தெட்டே நாள், ஒண்ணாம் தேதி செவ்வாய்க்கிழமை. அந்த மாதிரி பிப்ரவரி எழுபத்தேழுல வந்தது, எண்பத்து மூணுல வந்தது, அப்புறம் தொண்ணூத்து நாலு. பாக்கிச் சாமானெல்லாம் நடுவுல இருக்கறதைத்தான் சொல்லுது. நீங்க பிறந்தது எழுபத்தாறு. அப்ப வயசு?"

"ஏழு."

"தாடிக்காரர் மாடியில அவருக்கு ஏழு. குட்டி மாடியில அவளுக்கு ஏழு. அஞ்சு பேருக்கும் கணக்கு சரியா வருது. ஏழு வயசுன்னு இயக்குநர் சொன்னாரு. எப்பவோன்னும் சொன்னாரு. ஆளாளுக்கு அவங்கவங்க வீட்டுக்குப் போயிட்டீங்க."

எனக்குச் சிரிப்புதான் வந்தது. அவர் சிரிக்கவில்லை. என் சமையலறையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஒண்ணு கேக்கலாமா? வேண்டாம்னா சொல்ல வேண்டாம்."

"கேளுங்க."

"இந்தத் தேதித்தாள் வெளுத்திருக்கு. ஒரே மாசத்துல இவ்வளவு வெளுக்காது. யாரும் கிழிக்காம மூணு நாலு மாசம் அப்படியே கிடந்திருக்கு. மேல் தட்டு ரெண்டும் காலி. உப்பு, எண்ணெய், தீப்பெட்டி எல்லாமே கீழ்த் தட்டுல. அடுப்புக்கு முன்னாடி ஒரு ஸ்டூல். சமையல்காரங்க உக்கார்ற இடத்துல இல்ல, ஏறி நிக்கற இடத்துல." என்னைப் பார்த்தார். "இந்த வீட்ல அந்த வருஷம் சமைச்சது பெரியவங்க இல்ல. பத்துப் பதினோரு வயசுப் பிள்ளை. யாருங்க அது?"

டீ கையில் ஆறிப்போனது. அந்த வருஷம் பிப்ரவரியில் அம்மாவை ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். ஜூன் மாதம்தான் திரும்பி வந்தாள். அப்பா காலையில் வேலைக்கு, மாலையில் ஆஸ்பத்திரிக்கு. எனக்கு அதில் ஞாபகம் இருந்ததெல்லாம் அம்மா திரும்பி வந்த நாள் மட்டும்தான். நடுவில் நான்கு மாதம் யார் எனக்குச் சாப்பாடு போட்டார்கள் என்று நாற்பது வருஷத்தில் ஒருநாள்கூட நான் யோசித்ததில்லை. என் கை யோசித்திருக்கிறது.

அன்று மாலை வீட்டுக்குப் போகும் வழியில் அண்ணனுக்குப் போன் செய்தேன். என்னைவிட நாலு வயது மூத்தவன். வேறு ஊரில் வண்டி உதிரிபாகக் கடை வைத்திருக்கிறான். நாங்கள் மாதத்துக்கு ஒருமுறை மழை, முழங்கால் வலி என்று பேசிக்கொள்கிற சகோதரர்கள்.

"அண்ணா, அம்மா ஆஸ்பத்திரியில இருந்தப்ப நீதான் சமைச்சியா?"

அந்தப் பக்கம் யாரிடமோ கடையைப் பார்த்துக்கொள்ளச் சொன்னான்.

"ஆமா. எதுக்குடா இப்ப?"

"ஸ்டூல் போட்டு ஏறியா?"

"பின்ன, பறந்தா? அடுப்பு எட்டணுமே. நீ தினமும் உப்பு இல்லன்னு தட்டைத் தள்ளிவிட்டு அழுவே. உப்புப் போட மறந்துடும் எனக்கு. பயத்துல." பிறகு சிரித்தான். "நாப்பது வருஷம் கழிச்சு உப்பைப் பத்திக் கேக்க வந்துட்டியா?"

நான் மன்னிப்புக் கேட்டேனா, நன்றி சொன்னேனா, ஞாபகமில்லை. இரண்டுமே குழறியிருக்கும். போனை வைத்துவிட்டு நடைபாதையில் ஒரு கடை வாசலில் உட்கார்ந்து அழுதேன்.

மறுநாள் காலண்டர் அக்காவிடம் நானே போனேன். மாப்பிள்ளையின் அறையில் கூட்டம் அடுத்த நாள். இவர் ஒரு வருஷத்தைச் சொன்னால் மற்ற நாலு மாடியையும் அந்த வருஷத்துக்கு மாற்றி வரைவோம். எந்த வருஷம் சொன்னாலும் இவர் வேலை பிழைக்கும். மாப்பிள்ளை தொண்ணூறைச் சுற்றி எதிர்பார்க்கிறார், அந்தக் காலத்துப் படத்துக்குத்தான் இப்போது கூட்டம் வருகிறது என்று எல்லாருக்கும் தெரியும். அப்படியானால் என் மண்ணெண்ணெய் அடுப்பு போகும், ஸ்டூலும் போகும்.

"சொல்லிடுங்கக்கா," என்றேன். "என் சமையலறை போனா போகட்டும். அது வெறும் படம். அண்ணன்கிட்ட பேசியாச்சு, எனக்கு அது போதும். உங்க பகலை நினைச்சுப் பாருங்க."

"நினைச்சுத்தான் ராத்திரி பூரா தூங்கல," என்றார். தொண்ணூறு என்று எழுதிய தாள் ஒன்று மேஜையில் தயாராகவே இருந்தது. நான் நிம்மதியாகத் திரும்பினேன். அந்த நிம்மதியில் உண்மையும் இருந்தது, பொய்யும் இருந்தது.

கூட்டத்தில் பன்னிரண்டு பேர் இருந்தோம். மாப்பிள்ளை படிவத்தை முன்னால் வைத்து, பேனா மூடியைத் திறந்து, "ம், சொல்லுங்க. எந்த வருஷம்?" என்றார்.

காலண்டர் அக்கா எழுந்து நின்றார். யாரும் எழச் சொல்லவில்லை. தாளை எடுக்கவில்லை.

"அஞ்சு வருஷம் சார். மாடிக்கு ஒண்ணு," என்று தொடங்கி, அறுபத்தொன்பதிலிருந்து வரிசையாகச் சொல்லி, யார் மாடியில் யாருக்கு ஏழு வயது என்று விளக்கினார். யாருடைய வீட்டுக் கதையையும் சொல்லவில்லை. என் ஸ்டூலைப் பற்றி வாய் திறக்கவில்லை. "இது குழப்பத்துல வந்ததுதான். ஆனா ஒவ்வொரு வீட்டுக்குள்ளயும் பார்த்தேன், ஒரு சாமான் தப்பில்ல. நான் வருஷம் கொடுத்து இவங்க வரைஞ்ச எந்தப் படத்துலயும் இவ்வளவு சரியா வந்ததில்ல. மாத்தக் கூடாது சார்."

இயக்குநர் தொப்பியைக் கழற்றியதை அன்றுதான் பார்த்தேன். "நாலாவது மாடி சும்மா ஒரு வீடுன்னு நினைச்சேன், அது வரைஞ்சவரோட வீடா?" என்று முணுமுணுத்தார். பிறகு மாப்பிள்ளையைப் பார்த்து, "ஒண்ணையும் தொடக் கூடாது. அந்தப் பொண்ணு ஏறுறது மாடி மட்டும் இல்ல. படிவத்துல அஞ்சு வருஷத்தையும் எழுதுங்க," என்றார்.

மாப்பிள்ளை எழுதினார். கட்டம் நிரம்பியதில் அவருக்குச் சந்தோஷம்தான். மூடியைப் போட்டுவிட்டு, "அப்ப திருத்த வேலை எதுவும் இல்ல," என்றார், காலண்டர் அக்காவைப் பார்க்காமல்.

"இல்ல சார்."

"உங்களுக்குப் புரியுது இல்ல?"

"புரியுது."

தன் தலையில் தானே மண்ணை வாரிப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தார். பன்னிரண்டு பேரில் ஒருவர் வாய் திறந்திருந்தால் என்ன? இன்னும் எத்தனையோ படம் வரும், இந்தக் கண் நமக்கு வேண்டும் என்று ஒரு வாக்கியம். எனக்கு அது நாக்கு நுனி வரை வந்தது. புது முதலாளி, நம் பெயரும் பட்டியலில் ஏறிவிடுமோ என்று விழுங்கிவிட்டேன். பதினெட்டு வருஷம் ஒரு வாளிக்காக அவரோடு சண்டை போட்ட வாய், அவருக்காகத் திறக்கவில்லை. அதை நினைத்தால் இப்போதும் எனக்கு என்மேல் வெறுப்பாக இருக்கிறது.

மாதக் கடைசியில் கிளம்பினார். குட்டி ஒரு கேக் வாங்கி வந்தாள். தாடிக்காரர் பேச எழுந்து, மூக்கைச் சிந்திக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். நான் அவருடைய பையைத் தூக்கிக்கொண்டு பஸ் நிறுத்தம் வரை நடந்தேன்.

"ஏன்க்கா?" என்றேன். "ஒரு நம்பர். தொண்ணூறுன்னு ஒரு நம்பர் சொல்லியிருந்தா முடிஞ்சிருக்கும். எழுதிகூட வச்சிருந்தீங்களே."

"இருபத்தாறு வருஷம் தப்பைத் தேடித் தேடி எழுதியிருக்கேன். சரியா இருக்கறதைத் தப்புன்னு ஒரு தடவைகூட எழுதினதில்ல. போற நேரத்துலயா ஆரம்பிக்கறது?" பையை என்னிடமிருந்து வாங்கிக்கொண்டார். "பெருமையாச் சொல்றேன்னு நினைக்காதீங்க. பயமா இருக்கு. நாளைக்குக் காலைல ஒன்பது மணிக்கு எல்லாரும் வெளிய போயிடுவாங்க. அப்புறம் ஆறு மணிக்குத்தான்."

நான் கூட்டத்தில் பேசாததைப் பற்றி அவர் ஒரு வார்த்தை சொல்லவில்லை. சொல்லியிருந்தால் தேவலை என்றிருந்தது. பஸ் வந்தது. படியில் ஒரு காலை வைத்தவர் திரும்பினார்.

"சாப்பாட்டு நேரத்துல ஒரு போன் பண்றீங்களா? பேச ஒண்ணும் இல்லேன்னாலும் பரவாயில்ல."

மறுநாள் ஒரு மணிக்குச் செய்தேன். அதற்கு மறுநாளும். படம் வெளியாகி, ஓடி, இப்போது வேறு இரண்டு படங்களும் வந்து போய்விட்டன. இன்னும் தினமும் ஒரு மணிக்குச் செய்கிறேன். முதல் மணி அடித்து முடிவதற்குள் எடுத்துவிடுகிறார்.